கணப்பும் புகையும்

குளிர்நாட்டு மக்களுக்கு மாரிகாலத்தில் உயிர்க்காவலாய் நின்றது வீட்டுக் கணப்பு. ஆயின் அக்காவல் பல நூற்றாண்டுகளாகக் குறையுடையதாகவே இருந்தது. சுவரோடமைந்த கணப்பில் விறகையோ நிலக்கரியையோ எரித்தால், வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானை அடையும்; புகையோ பல வேளைகளில் வீட்டினுள்ளே தங்கிவிடும். நெருப்பின் முன் அமர்ந்தவருக்கு முகம் வேகும், முதுகு விறைக்கும்.

இக்குறையை முறையாக ஆராய்ந்தோருள் ஒருவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின். இரும்பினாலான புதுவகைக் கணப்பொன்றை அமைத்து, 1744இல் அதனை விளக்கிச் சிறுநூலும் வெளியிட்டார். பென்சில்வேனிய ஆளுநர் தனியுரிமை வழங்க முன்வந்தபோதும், பிறர் கண்டவற்றால் தாம் பயன்பெறுவதுபோலத் தாம் கண்டதும் பிறர்க்குப் பயன்பட வேண்டுமெனக் கூறி அதனை ஏற்க மறுத்தார்.

1785இல், ஐரோப்பாவிலிருந்து தாயகம் திரும்பும் கப்பலில் இருந்தவாறே, புகையும் கணப்புகள் பற்றி நண்பர் ஒருவருக்கு அவர் நீண்ட கடிதம் வரைந்தார். நோய்க்குக் காரணம் அறியாது மருந்திடல் வீண் என்பதே அதன் கருத்து. கணப்புப் புகைவதற்கு ஒன்பது காரணங்களை அவர் வகுத்துக் காட்டினார். அவற்றுள் முதலாவது, இடுக்கின்றி இறுகக் கட்டிய புது வீட்டில் காற்று உட்புக வழியின்மை. மேலேறும் புகையின் இடத்தை நிரப்ப வேறு காற்று வந்தாக வேண்டுமன்றோ? இதனைச் சோதிக்க எளிய வழியும் கூறினார். கதவைத் திறந்தால் புகை நின்றுவிடுகிறதா எனப் பார்க்க வேண்டும். நின்றால், கதவை மெல்லமெல்லச் சாத்தி, புகை மீண்டும் வெளிப்படத் தொடங்கும் நிலையை அறிந்து, அதற்குச் சற்று மேற்பட்ட இடைவெளியை அளக்க வேண்டும். எட்டடி உயரக் கதவில் அரை அங்குல இடைவெளி தேவையெனின், அவ்வறைக்கு வேண்டிய காற்றுவழி 48 சதுர அங்குலம். அதாவது ஆறங்குலத்துக்கு எட்டங்குலத் துவாரம்.

அடுத்து வந்தவர் ரம்போர்ட் பிரபு எனப்பட்ட பெஞ்சமின் தொம்சன். இவரும் அமெரிக்காவிற் பிறந்தவரே. 1796இல் வெளியிட்ட கட்டுரையில், புகைபோக்கியின் தொண்டை மிக அகன்றிருத்தலே பெருங்குறை என்றார். அதனை நான்கு அங்குல அளவுக்கு ஒடுக்கி, கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்வாக அமைக்கச் செய்தார். சாய்ந்த சுவர்கள் வெப்பத்தை அறைக்குள் திருப்பின. ஒடுங்கிய தொண்டை புகையை விரைந்து இழுத்தது. இலண்டன் இல்லத்தார் பலர் தம் கணப்புகளை இவ்வாறே திருத்தியமைத்தனர்.

இவ்வாறு வீடு புகையினின்றும் விடுபட்டது, நகரம் விடுபடவில்லை. ஜோன் ஈவ்லின் என்பார் இலண்டன் நிலக்கரிப் புகை பற்றி 1661இலேயே மன்னருக்கு முறையிட்டிருந்தார். கணப்புகள் செவ்வனே இழுக்க இழுக்க, இலட்சக்கணக்கான புகைபோக்கிகளின் புகை யாவர்க்கும் பொதுவான வானில் திரண்டது. ஒவ்வொருவரும் தத்தம் அறையின் குறையைத் தீர்த்தனர். பொதுக்குறைக்குப் பொறுப்பாளர் எவருமிலர்.

அதன் விளைவு 1952ஆம் ஆண்டு திசெம்பர் 5ஆம் நாள் தொடங்கியது. காற்று அசைவற்று, பனிமூட்டமும் கரிப்புகையும் கலந்து ஐந்து நாட்கள் இலண்டனை மூடின. வழக்கத்திலும் ஏறத்தாழ 4,000 பேர் மிகுதியாக மாண்டனரென அப்போது கணிக்கப்பட்டது. பிற்கால ஆய்வாளர் சிலர் அத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்பர்.

அரசு அமைத்த குழுவுக்கு சேர் ஹியூ பீவர் தலைமை தாங்கினார். அதன் அறிக்கையின் வழி 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் வகுக்கப்பட்டன. கணப்பை மாற்றியமைக்கும் செலவில் பெரும்பங்கு பொதுப்பணத்திலிருந்து கிடைத்தது. மக்கள் புகையற்ற எரிபொருளையும், வாயுவையும், மின்சாரத்தையும் நாடினர். 1965இல் வடகடலில் இயற்கைவாயு கண்டறியப்பட்டபின், வீடு முழுவதற்கும் ஒரே கொதிகலன் என்னும் முறை பரவியது.

அவ்வாயு வெளிவிடும் கரியமிலவாயு இன்று உலகின் வெப்பநிலையையே உயர்த்துகின்றது. ஆகவே வீட்டை வெப்பமாக்கும் முறையைத் தெரிவோர், அறையினுள் புகை வருகின்றதா என்று வினவுவதோடு நின்றுவிடலாகாது. வெளியேறுவது எங்கே செல்கின்றது, எவர் அதனைச் சுவாசிக்கின்றனர் என்னும் வினாவே கணப்பின் வரலாறு விட்டுச்சென்ற பாடமாகும்.