யவன நாட்டு நீரரமகளிர்

கிரேக்க நாட்டின் படத்தை விரித்து நோக்குவோர் அந்நாடு நீரிலேயே மிதப்பதாக எண்ணுவர். எப்பக்கம் திரும்பினும் கடல். கடலிடையே எண்ணிறந்த தீவுகள். ஆயினும் குடிப்பதற்கு உதவும் நீர் அங்கு எளிதிற் கிடைப்பதன்று. கோடையிலே மாதக்கணக்கில் மழை பெய்வதில்லை. மலைகளிற் பெரும்பாலானவை சுண்ணக்கல்லால் ஆனவை. குளிர்காலத்திற் பெய்யும் மழையை அக்கல் உள்வாங்கி மறைத்துவிடுகின்றது. கோடை வந்ததும் பல ஆறுகள் வெறுங் கூழாங்கற் படுகைகளாய்க் கிடக்கின்றன. மறைந்த நீரோ எதிர்பாராத ஓரிடத்தில், பாறைப் பிளவொன்றிலிருந்தோ குகையொன்றின் அடியிலிருந்தோ, தண்ணென ஊறி வெளிப்படுகின்றது. அது ஏன் அங்கே ஊறுகின்றது, சுற்றியுள்ள நிலமெல்லாம் காய்ந்தும் அது ஏன் வற்றாதிருக்கின்றது என்று அறியாத அக்கால உழவனும் இடையனும் அவ்விடத்தில் ஒரு பெண்ணின் உறைவிடத்தைக் கண்டனர். அவளுக்கு அவர்கள் இட்ட பெயர் நிம்ஃபே என்பது. மணமகள் என்பதும், மணப்பருவத்து நங்கை என்பதும் அச்சொல்லின் பொருள். நீரரமகளிர் என்னும் பழந்தமிழ்ச் சொல்லால் நாம் அவளைக் குறிப்பிடலாம்.

இம்மகளிரின் குலமுறையைத் தொகுத்துக் கூறியவருள் முதல்வர் ஹெசியட் என்னும் புலவர். கி. மு. 700 அளவில் வாழ்ந்த இவர், உலகைச் சூழ்ந்தோடும் பேராறாகிய ஒக்கியானசுக்கும் அவன் மனைவி தெதிசுக்கும் பிறந்த புதல்வியர் 3,000 பேர் என்கிறார். கடல் முதியோன் எனப்பட்ட நெரெயசின் புதல்வியர் 50 பேர் நெரெயிடுகள் எனப்பட்டனர். வீரன் அக்கிலீசைப் பெற்ற தெத்திஸ் இவர்களுள் ஒருத்தி. ஊற்று, ஓடை, ஆறு, ஏரி ஆகிய நன்னீர் நிலைகளில் உறைந்தோர் நையாடுகள் எனப் பெயர் பெற்றனர். மூவாயிரம் என்ற தொகையைக் கேட்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. ஒக்கியானசின் புதல்வராகிய ஆறுகள் அனைவரின் பெயரையும் மனிதன் ஒருவனாற் கூறல் அரிது என்றும், அவரவர் அருகில் வாழ்வோரே அவரவரை அறிவர் என்றும் புலவர் உணர்த்துகின்றார். இச்சமயத்தின் உயிர்நிலை இதுவே. சீயுஸ் எல்லார்க்கும் பொதுவான தெய்வம். நீரரமகளோ அந்த ஊருக்கு, அந்த ஊற்றுக்கு மட்டுமே உரியவள்.

அவளை வணங்கியவர் யாவர்? 1934ஆம் ஆண்டில், கொரிந்து நாட்டுப் பகுதியிலுள்ள பித்சா என்னும் சிற்றூரை அடுத்த குகையொன்றிலே வண்ணம் தீட்டிய மரப்பலகைகள் சில கண்டெடுக்கப்பட்டன. அவை கி. மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மரத்தில் வரைந்த பண்டைக் கிரேக்க ஓவியங்கள் ஏறக்குறைய முற்றாகவே அழிந்துபோயின. குகையின் மறைவில் இருந்தமையால் இவை எஞ்சின. ஒரு பலகையிலே, ஒரு குடும்பத்தார் பலியிடுதற்குரிய ஆட்டுடன் பலிபீடத்தை அணுகுகின்றனர். குழலும் யாழும் உடன் இசைக்கின்றன. பலகை நீரரமகளிர்க்குப் படைக்கப்பட்டது என்று எழுத்தும் கூறுகின்றது. அரசருமல்லர், படைத்தலைவருமல்லர், பிள்ளைகளோடு மலையேறி வந்த ஒரு குடும்பத்தாரே அங்கு நம் கண்முன் நிற்கின்றனர்.

மணப்பெண்ணுக்கும் நீரரமகளுக்கும் ஒரே பெயர் வாய்த்ததும் தற்செயலன்று. ஏதென்ஸ் நகரிலே திருமணத்துக்கு முன் நீராட்டுவதற்கு கல்லிரோயே என்னும் ஊற்றின் நீரைக் கொணரும் வழக்கம் இருந்தது. அவ்வூற்றுக்குப் பின்னாளில் ஒன்பது வாய்களையுடைய குழாயமைப்புச் செய்யப்பட்டதையும், பழைய வழக்கம் தம் காலத்திலும் நின்று நிலவியதையும் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் குறித்துள்ளார். அந்நீரை ஏந்துவதற்கென்றே நீண்ட கழுத்துடைய சிறப்புக் கலங்கள் வனையப்பட்டன. அக்குரோபொலிஸ் குன்றின் தென்சரிவில் 1950களில் அகழ்ந்து காணப்பட்ட நீரரமகளின் சிறுகோயிலில் இக்கலங்களின் உடைந்த துண்டுகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. மணம் முடித்த பெண்கள் காணிக்கையாக விட்டுச் சென்றவை அவை. கன்னிப்பருவத்தைக் கடந்து தாய்மையை நோக்கிச் செல்பவள், ஓயாது பிறப்பிக்கும் ஊற்றின் தலைவியிடம் வாழ்த்துப் பெற்றுச் சென்றாள் எனலாம்.

ஆயினும், வாழ்த்துபவள் வருத்தவும் வல்லவள். எர்க்குலிசின் இளந்தோழனாகிய ஐலாஸ் நீர் முகக்கக் குனிந்தபோது, அவனழகிற் பித்துக்கொண்ட நீரரமகளிர் அவனைக் கைப்பற்றி உள்ளே இழுத்துக்கொண்டனர் என்பது பழங்கதை. தனியே நீர்நிலைக்குச் சென்ற பிள்ளை திரும்பி வாராத துயரத்தை எத்தனை தாயர் அறிந்திருந்தனரோ! அத்துயரத்தின் நிழல் இக்கதையிற் படிந்திருக்கின்றது.

உடலைக் கவர்வது மட்டுமன்று; உள்ளத்தைக் கவர்வதும் உண்டு. ஏதென்சுக்குத் தெற்கே வாரி என்னும் ஊருக்கு அணித்தாக ஒரு குகை இருக்கிறது. 1901ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் அதனை அகழ்ந்தாராய்ந்தனர். தேரா என்னும் தீவிலிருந்து வந்த ஆர்க்கெதாமஸ் என்னும் கற்றச்சன் ஒருவன், கி. மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியளவில், அக்குகையைச் செப்பஞ்செய்து கோயிலாக்கினான். நீரரமகளிராற் பற்றப்பட்டவன் எனத் தன்னைத் தானே கூறிக்கொண்டு, அவர்தம் ஏவலாலேயே இப்பணியைச் செய்ததாகவும் அவர்க்கு ஒரு தோட்டம் அமைத்ததாகவும் பாறையிற் பொறித்தான். கையிற் கருவியோடு நிற்கும் தன் உருவத்தையும் அங்கே செதுக்கி வைத்தான். பிற நாட்டிலே குடியேறிய எளிய தொழிலாளி அவன். ஆயினும் ஏதென்ஸ் நகரத்துப் பெருமக்கள் பலருடைய பெயர்கள் மறைந்துபோகவும், அவன் பெயர் நிலைத்துவிட்டது. அங்குள்ள மற்றொரு பொறிப்பு, பலியிட்ட விலங்கின் குடரைக் குகைக்கு வெளியே கழுவுமாறு வருவோர்க்குக் கட்டளையிடுகின்றது. பற்றப்பட்டவர்களின் குகையிலும் தூய்மைக்கு விதி இருந்தது.

இவ்விதி ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று. ஆற்றைக் கடக்குமுன் கைகளைக் கழுவி வேண்டுதல் செய்யுமாறும், ஊற்றுகளையும் ஆறுகளையும் மலசலத்தால் மாசுபடுத்தாதிருக்குமாறும் ஹெசியட் உழவருக்கு அறிவுறுத்தினார். பிளேட்டோ தமது சட்டங்கள் என்னும் நூலில், பிறனுடைய நீரைக் கெடுத்தவன் இழப்பீடு தருவதோடு அந்நீரைத் தூய்மையும் செய்தல் வேண்டும் என விதித்தார். உழவனுக்குத் தெய்வத்தின் பெயராற் சொல்லப்பட்டதே மெய்யியலாளரிடத்தில் சட்டமாயிற்று. நீரரமகள் கற்பனை எனினும், அவள் காத்த நீர் கற்பனையன்று.

இதனை நன்கு விளக்குவது அரெதூசாவின் கதை. தென்கிரேக்கத்தில் ஒலிம்பியாவை அடுத்து ஓடுவது அல்பியஸ் ஆறு. அதில் நீராடிய அரெதூசாவை ஆற்றுத் தெய்வம் காதலித்துத் துரத்த, அவள் அஞ்சி ஓடினாள். ஆர்ட்டெமிஸ் தேவி அவளை நீராக மாற்றினாள். அவள் கடலின் கீழாகச் சென்று, சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரிலே, கடலோரத்தில், நன்னீர் ஊற்றாக எழுந்தாள். அல்பியசும் விடாது அவளைப் பின்தொடர்ந்தான். ஒலிம்பியாவில் ஆற்றில் விழுந்த கிண்ணமொன்று சிரக்கூஸ் ஊற்றில் மிதந்தது என்றுகூடச் சொல்லி வந்தனர். புவியியல் வல்லுநர் ஸ்ட்ராபோ இதனை ஏற்கவில்லை. ஆறு கடலிற் கலப்பது கண்ணுக்குத் தெரிகின்றது. உப்புநீரிடையே அத்துணைத் தொலைவு கலவாது செல்லல் எங்ஙனம் என வினவினார்.

அவர் கூறியது உண்மையே. ஆயினும் கதையை உண்டாக்கியவர் நெஞ்சத்தையும் நாம் காணுதல் வேண்டும். மரபின்படி கி. மு. 734 அளவில், கொரிந்து நகரத்தார் கடல் கடந்து வந்து நிறுவிய நகர் சிரக்கூஸ். அந்நிய மண்ணிலே முதன்முதல் ஊற்றுநீரை அள்ளிப் பருகியவர்கள், தாய்நாட்டின் நீரே தம்மைத் தேடி வந்தது என நம்ப விரும்பியதில் வியப்பில்லை. அந்நகரத்தின் புகழ்மிக்க வெள்ளி நாணயங்களிலே பெண்ணின் தலையொன்றை ஓங்கில் மீன்கள் சூழ்ந்து நீந்துகின்றன. கடல் சூழ்ந்த நன்னீரை இதனினும் சுருங்கக் காட்டுதல் அரிது.

அந்நீரின் மதிப்பைப் போர் காட்டிற்று. கி. மு. 414இல் சிரக்கூசை முற்றுகையிட்ட ஏதென்ஸ் படையினர், நகருக்குக் குடிநீர் கொணர்ந்த நிலத்தடிக் குழாய்களை உடைத்தனர். அடுத்த ஆண்டிலே தோல்வியுற்றுப் பின்வாங்கிய அவர்களே தாகத்தாற் புலனழிந்து அசினாரஸ் ஆற்றிற் பாய்ந்து, சேறும் குருதியும் கலந்த நீரைப் பருகியவாறு வெட்டுண்டனர். சிறைப்பட்டோர் கற்குழிகளில் அடைக்கப்பட்டனர். ஒருவனுக்கு நாளொன்றுக்குக் கால் இலீற்றர் அளவான நீரே கொடுக்கப்பட்டது. ஊற்றுக்குக் கோயில் எடுத்த மாந்தர் அறியாமையினால் மட்டுமா அவ்வாறு செய்தனர்?

கி. பி. 392இல் உரோமப் பேரரசர் தியோடோசியஸ் பழைய தெய்வ வழிபாடுகளைத் தடைசெய்தார். கோயில்கள் மூடப்பட்டன. ஆனால் ஊற்றுகளை மூடுவது எளிதன்று. நெரெயிட் என்ற பழம்பெயர் நெராய்தா எனத் திரிந்து கிரேக்க நாட்டுப்புறத்தில் வாழ்ந்தது. பேரழகியராகவும், நண்பகலில் நீரருகே தனித்து நிற்போரைப் பற்றுபவராகவும் நெராய்தாக்களைப் பற்றிச் சிற்றூர் மக்கள் கூறியவற்றை ஆங்கில அறிஞர் லோசன் 1910ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே தொகுத்து வைத்தார். சீயுசும் அதீனாவும் நூல்களுக்குள் ஒதுங்கிய பின்னரும், ஊற்றின் பெண் மக்கள் வாயில் வாழ்ந்தாள்.

அரெதூசாவின் ஊற்று இன்றும் சிரக்கூசில் இருக்கிறது. அதில் கோரைப்புல் இனமாகிய பப்பிரசுச் செடிகள் வளர்கின்றன. ஒரு சுவருக்கு அப்பால் கடல் அலைகின்றது. அச்சுவர் இல்லையேல் ஊற்றைக் கடல் முழுவதும் மூடிவிடும் எனக் கி. மு. முதலாம் நூற்றாண்டிலேயே சிசரோ எழுதினார். தெய்வம் உறையும் ஊற்று என்று போற்றிய மக்களே அதற்குக் கல்லணையும் கட்டினர். நம்பிக்கை அவர்கள் கைகளைக் கட்டிவிடவில்லை. காக்க வேண்டியது எது என்பதை அவர்களுக்கு உணர்த்திற்று. நீரரமகளிர் கதைகளிலிருந்து நாம் பெறத்தக்க வரலாற்று உண்மை இதுவேயாகும்.