வேங்கடத்தில் பஸ் நிற்காத இடம்

திருமலையில் தரிசனம் முடித்து லட்டுப் பையோடு வெளியே வரும் குடும்பம் அடுத்து எங்கே போகும் என்பதை ஜீப் டிரைவர் முடிவு செய்து வைத்திருப்பார். ஸ்ரீவாரி பாதம், சிலாதோரணம், சக்கர தீர்த்தம், ஜாபாலி, ஆகாசகங்கை, பாபவிநாசம். இறங்கு, பார், படம் எடு, ஏறு. அரைநாளில் எல்லாம் முடிந்து கீழே இறங்கும் பேருந்துக்கு வந்துவிடலாம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களில் பலர் மூன்று தலைமுறையாக இதே சுற்றைத்தான் சுற்றுகிறார்கள்.

இந்தப் பட்டியலில் இயற்கையின் அதிசயங்களாக விளம்பரம் செய்யப்படுபவை இரண்டு: பாபவிநாசத்தின் அருவியும் சிலாதோரணத்தின் கல்வளைவும். முதலாவதைக் காணப்போன பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். இரண்டாவதைப் பற்றி எல்லோரும் தவறான செய்தியோடு திரும்புகிறார்கள். அந்த மலையில் உண்மையாகவே உலகப் புகழுக்கு உரிய ஒன்று உண்டு. மேலே போகும் ஒவ்வொரு வண்டியும் அதைத் தாண்டித்தான் ஏறுகிறது. எதுவும் நிற்பதில்லை.

எது பார்க்கத்தக்கது என்பதை இந்த மலையில் காலந்தோறும் வேறு வேறு கைகள் தீர்மானித்திருக்கின்றன.

சங்க காலத்துக்கு வேங்கடம் எல்லை மலை. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடக்கு எல்லையாக அதைத்தான் குறிக்கிறது. அகநானூற்றில் மாமூலனாரின் பாடல்களில் அது கள்வர் தலைவனான புல்லியின் நாடு. பொருள் தேடிப் போகும் தலைவன் மொழி மாறும் தேசத்துக்குள் நுழையும்முன் கடக்க வேண்டிய காடு. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் வேங்கடத்தைச் சொல்லும் இடத்தில் அருவியும் சேர்ந்தே வருகிறது. மலை உச்சியில் நிற்கும் திருமாலும் அங்கே வீழும் நீரும் புலவனுக்கு ஒரே காட்சி. ஆழ்வார்களுக்கும் அப்படித்தான். குலசேகரர் அந்த மலையில் எதுவாகவேனும் கிடக்க ஆசைப்பட்டார். கருவறை வாசற்படி இன்றும் அவர் பெயரால் குலசேகரப்படி என்றே அழைக்கப்படுகிறது.

பின்னாளில் அருவிகள் தீர்த்தங்களாயின. பாபவிநாசத்தையும் ஆகாசகங்கையையும் இணைக்கும் கதை இராமாநுஜரின் தாய்மாமன் திருமலை நம்பியைப் பற்றியது. கோயிலிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாபவிநாசத்துக்கு அவர் நாள்தோறும் காட்டுவழியே நடந்து, குடத்தில் திருமஞ்சன நீர் கொண்டுவருவார். ஒருநாள் வேடன் ஒருவன் வழிமறித்துத் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். இது பெருமாளுக்கு உரியது என்று நம்பி மறுத்தார். வேடன் அம்பால் குடத்தைத் துளைத்துக் குடித்துவிட்டான். கலங்கி நின்றவருக்கு அருகிலிருந்த பாறையில் ஓர் அம்பெய்து புதிய ஊற்றைக் காட்டினான். அதுதான் ஆகாசகங்கை. வயதானவர் இனி அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்று பெருமாளே வழியைச் சுருக்கினார் என்பது நம்பிக்கை. ‘தண்ணீரமுது’ உற்சவமாக இந்தக் கதை இன்றும் திருமலையில் ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்படுகிறது.

அந்தக் காலத்தில் தீர்த்தத்தைப் பார்ப்பது என்றால் நடப்பதுதான். மலையேறுவதும் அப்படியே. அலிபிரியிலிருந்து ஒரு படிப்பாதை, சந்திரகிரிப் பக்கத்தில் ஸ்ரீவாரி மெட்டு என்று இன்னொன்று. 1513க்கும் 1521க்கும் இடையில் ஏழு முறை வந்த கிருஷ்ணதேவராயரும், பெயர் பதியாத கோடிப் பேரும் பாறையில் கால் வைத்தே ஏறினார்கள். நடக்க முடியாதவர்களை டோலியில் தூக்கிச் சென்றார்கள்.

ஆங்கிலேயர் வந்தபோது ஒரு விநோதம் நேர்ந்தது. அவர்கள் 1801 முதல் கோயில் வருமானத்தைத் தம் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டார்கள். 1843இல் அதை ஹாதிராம்ஜி மடத்தின் மகந்துக்களிடம் ஒப்படைத்தார்கள். கணக்கைப் பார்த்தவர்கள் மலையைப் பார்க்கவில்லை. 1870 வரை ஐரோப்பியர் எவரும் திருமலை ஏறியதில்லை என்று அக்காலத்து அரசு விவரத் தொகுப்புகள் எழுதின. உதகை, கொடைக்கானல், ஏற்காடு என்று தென்னாட்டு மலைகளின் காட்சிகளையெல்லாம் வெள்ளைக்காரர்கள் வரைந்தும் எழுதியும் ‘வியூ பாயிண்ட்’ பெயர்ப்பலகை நட்டும் கொண்டிருந்த நூற்றாண்டில், வேங்கடம் அந்தப் பார்வையிலிருந்து தப்பியது.

அதே காலத்தில், இன்னும் மேற்கே, மதனப்பள்ளிக்கு அருகில், ஏனுகு மல்லம்மா கொண்டா என்று ஊரார் அழைத்துவந்த மலை தன் பெயரையே இழந்தது. கடப்பை கலெக்டராக இருந்த டபிள்யூ. டி. ஹார்ஸ்லி 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே கோடைக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டார். அன்று முதல் அது ஹார்ஸ்லி ஹில்ஸ். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது கடப்பையிலிருந்து பிரிந்து சித்தூரோடு சேர்ந்தது. பல பத்தாண்டுகளாக ‘ஆந்திராவின் ஊட்டி’ என்ற பட்டம் அதன் தலையில். அது அந்த மலைக்குச் செய்யும் அநியாயம். அதன் உயரம் சுமார் 4,100 அடி. உதகையோ 7,300 அடிக்கும் மேல். உதகைக் குளிரை நினைத்து மே மாதத்தில் ஸ்வெட்டரோடு வருகிறவர் நிச்சயம் குறைசொல்லுவார். ராயலசீமையின் வெயிலிலிருந்து சில டிகிரி குறைந்த, காற்று வீசும் நல்ல மலை என்று மட்டும் சொல்லியிருந்தால் அவரே மகிழ்ந்திருப்பார்.

திருமலையில் பார்வை மாறியது 1944இல். அந்த ஆண்டு முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது. மகந்துக்களின் 90 ஆண்டு நிர்வாகம் முடிந்து 1933இல் தேவஸ்தானக் குழு பொறுப்பேற்று அப்போது பத்தாண்டுக்குச் சற்று மேல் ஆகியிருந்தது. பாதி நாள் ஏற்றம் ஒரு மணி நேரத்துக்குச் சுருங்கியது. 1974இல் இரண்டாவது சாலையும் வந்து, ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்றாயிற்று. நடக்க முடியாத முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று லட்சக்கணக்கானவர்களுக்கு மலையைத் திறந்துவிட்டது இந்தச் சாலைதான். அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் சாலை வந்ததும், எந்தத் தீர்த்தத்துக்கு வண்டி போகுமோ அதுவே பார்க்க வேண்டிய தீர்த்தம் என்று ஆயிற்று.

வண்டி போகும் இடங்களில் கடைசி நிறுத்தம் பாபவிநாசம். நாளொன்றுக்கு 60,000 பேருக்கு மேல் வந்து தங்கி, குளித்து, மொட்டையடித்து, உண்டு போகும் ஓர் ஊர் மலை உச்சியில் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் வேண்டும். கோகர்ப்பம், ஆகாசகங்கை, பாபவிநாசம், குமாரதாரை, பசுபுதாரை என்று ஓடைகளின் குறுக்கே அணைகள் எழுந்தன. பாபவிநாசத்தின் அருவி அணைக்குப் பின்னால் நீர்த்தேக்கமாக நின்றது. கீழே வரும் பக்தர்களுக்காக நீர் குழாய்களின் வழியே வரிசையாகக் கொட்டும்படி அமைக்கப்பட்டது. பாவம் கரைய நனைந்தால் போதும் என்று வருபவருக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. நீர் அதே மலையின் நீர்தான். ‘அருவி’ என்று நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிவந்தவர்தான் கான்கிரீட் சுவரின் முன்னால் திகைத்து நிற்கிறார்.

இங்கே ஒரு நேர்மை தேவைப்படுகிறது. பாபவிநாசத்தை அருவியாக விற்பதை நிறுத்திவிட்டு, இத்தனை ஆயிரம் பேரின் தாகம் தீர்க்கும் நீர்த்தேக்கம் இது என்று ஒரு பலகை வைத்தால், நம்பியின் குடத்திலிருந்து இன்றைய அணை வரைக்கும் நீளும் ஒரே கதையாக அது விளங்கும். அந்த மலையில் தண்ணீர் கொண்டுவருவது எப்போதுமே பெரிய வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

சிலாதோரணத்தின் சிக்கல் வேறு. கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில், சக்கர தீர்த்தத்துக்கு அருகில், இரண்டு பாறைத் திரள்களுக்கு நடுவே மெல்லிய கல்வளைவு. அகலம் சுமார் 8 மீட்டர், உயரம் 3 மீட்டர். 1980களில் நிலவியலாளர்கள் அதன் அருமையைக் கவனித்துச் சொன்னார்கள். இந்திய நிலவியல் ஆய்வு மையம் அதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களில் சேர்த்தது. வேலியும் பூங்காவும் வந்தன. கூடவே ஒரு வாசகமும் ஒட்டிக்கொண்டது: ஆசியாவிலேயே இது ஒன்றுதான், உலகத்திலேயே மூன்றுதான். சுற்றுலாக் கையேடுகளும் ஜீப் டிரைவர்களும் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளும் இதையே திருப்பிச் சொல்கின்றன.

அது சரியல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ‘ஆர்ச்சஸ்’ தேசியப் பூங்கா ஒன்றில் மட்டும் 2,000க்கு மேற்பட்ட கல்வளைவுகள் இருக்கின்றன. திருமலைக்கு ஜோடியாகச் சொல்லப்படும் யூட்டாவின் ‘ரெயின்போ பிரிட்ஜ்’ 290 அடி உயரம். ஆசியாவிலும் குறைவில்லை. சீனாவின் காஷ்கர் நகருக்கு மேற்கே, மலையேறி எரிக் ஷிப்டன் 1947இல் கண்டு எழுதிய வளைவு ஆயிரம் அடிக்கும் மேல் உயர்கிறது. ஜோர்டானின் வாதி ரம் பாலைவனத்தில் பல உண்டு. நம் நாட்டிலேயே அந்தமானின் நீல் தீவுக் கடற்கரையில் இயற்கைப் பாலமாக ஒன்று நிற்கிறது.

பொய்யான பெருமையால் கல்லுக்கு லாபம் ஒன்றுமில்லை. ‘உலகத்திலேயே மூன்று’ என்று கேட்டு வருபவர் ராட்சத வளைவை எதிர்பார்த்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும் கல்லைக் கண்டு இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடுகிறார். மணல் இறுகிப் படிகக்கல்லாகி, அதன் விரிசல்களில் நீர் நுழைந்து அரித்து, இளகியது கரைந்துபோக உறுதியானது மட்டும் பாலமாக நின்ற விதத்தை அங்கே அவருக்குச் சொல்ல ஆளில்லை. படிகக்கல் அவ்வளவு எளிதில் அரிபடாது. அந்தக் கடினமான கல்லில் இவ்வளவு மெல்லிய வளைவு உருவானதே அதன் சிறப்பு.

அந்தக் கல்லின் முழுக் கதையும் மலைச்சாலையில், பேருந்து ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது.

திருப்பதியிலிருந்து ஏறும்போது முதலில் வருவது கருங்கல். உருண்டு திரண்ட பாறைகள், சரிவான நிலம். கொஞ்சம் மேலே போனதும் காட்சி மாறும். செக்கச் சிவந்த சுவர் செங்குத்தாக எழுந்து நிற்கும். அடுக்கடுக்கான கோடுகள் அதில் கிடையாக ஓடும். கீழே இருப்பது 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கிரானைட். மேலே இருப்பது ஆழமில்லாத கடலோரத்தில் மணலாகப் படிந்து பின் இறுகிய நகரி படிகக்கல், 150 கோடி ஆண்டுகளை ஒட்டிய வயதினது. இரண்டும் சந்திக்கும் கோடு வெட்டப்பட்ட சாலையோரங்களிலும் ஓடைப் பள்ளங்களிலும் வெளிப்படையாகத் தெரிகிறது. கிரானைட் தேய்ந்து மட்டமான பிறகு மணல் வந்து படிவதற்குள் கழிந்த காலம் பொதுவாக 80 கோடி ஆண்டுகள் என்று சொல்லப்படுகிறது. டைனோசர்கள் அழிந்து இன்றைக்கு 6.6 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அதைப்போலப் பன்னிரண்டு மடங்குக் காலம் அந்த ஒற்றைக் கோட்டுக்குள் போயிருக்கிறது, அடையாளம் எதையும் விட்டுவைக்காமல். அடியில் இருப்பதும் மேலே இருப்பதும் அடுத்தடுத்த நாளில் உண்டானவைபோல ஒட்டி நிற்கின்றன.

இதையும் நிலவியல் ஆய்வு மையம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. இந்தப் பாறை வரிசையை முதலில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் அந்த மையத்தின் வில்லியம் கிங். அவருடைய கடப்பை, கர்னூல் பாறைகள் பற்றிய அறிக்கை 1872இல் வெளிவந்தது. பக்தி இலக்கியம் இந்த மலையை ஆதிசேஷனின் உடல் என்றது. கிங் அதை ஒரு பழைய கடலின் கரை என்று படித்தார். இரண்டு வாசிப்பையும் ஏறுகிறவரின் காதில் போட்டால் அவருடைய ஏற்றத்துக்குக் கனம் கூடும்.

படிகக்கல்லுக்குப் பெயர் தந்த நகரியையும் தமிழர்கள் கவனிக்காமல் கடக்கிறார்கள். சென்னையிலிருந்து திருத்தணி வழியே திருப்பதிக்கு ரயிலிலோ பேருந்திலோ போகும்போது நகரி, புத்தூர்ப் பக்கம் வானத்தை வெட்டி நிற்கும் கூர்மையான மலைமுகடுகள் தெரியும். அவற்றில் ஒன்றை ஐரோப்பிய மாலுமிகள் ‘நகரி மூக்கு’ என்று அழைத்தார்கள். உயரம் 2,800 அடிக்கு மேல். மதராஸ் கரையை நெருங்கும் கப்பல்களுக்குக் கடலிலிருந்து தெரிந்த அடையாளம் அது. கலங்கரை விளக்கம் வருமுன் அந்த மூக்கைப் பார்த்தே கரை எங்கே என்று கணித்தார்கள். நகரம் இருக்கும் இடத்தைச் சொன்ன மலையை நகரத்திலிருந்து வருகிறவர்கள் கைபேசியிலிருந்து நிமிராமல் தாண்டிப் போகிறார்கள்.

நடந்து பார்க்கும் பழைய வழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. ராமகிருஷ்ண தீர்த்தம், குமாரதாரை, தும்புரு தீர்த்தம் ஆகியவற்றுக்கு ஆண்டில் ஒருமுறை, தை முதல் பங்குனி வரையான பௌர்ணமிகளில், முக்கோடி என்ற விழா நடக்கிறது. அந்த நாள்களில் பாபவிநாச அணையைத் தாண்டிக் காட்டுக்குள் ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். தும்புருவுக்குப் போகும் வழி இருபுறமும் சிவந்த பாறைச் சுவர் நெருக்கும் பள்ளத்தாக்கு. 18ஆம் நூற்றாண்டில் தெலுங்குக் கவி தரிகொண்ட வெங்கமாம்பா தவமிருந்த இடம் என்று காட்டுகிறார்கள். அங்கே குழாய் இல்லை, வேலி இல்லை. மற்ற நாள்களில் அது சேஷாசலக் காட்டுக்கே விடப்பட்டிருக்கிறது, அப்படியே இருக்கட்டும். மலைச்சாலையின் பாறைக்கோட்டை அந்த வகையில் ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. அங்கே தேவஸ்தானம் செய்ய வேண்டியது சிறிய காரியம்: வண்டி ஐந்து நிமிடம் ஒதுங்கி நிற்கப் பாதுகாப்பான ஓர் இடம், அதில் தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதிய ஒரு பலகை.