பெரியம்மாவின் கன்னமும் பாஸ்டன் பனிக்கட்டியும்

சந்தவாசலில் பெரியம்மா தறியில் உட்கார்ந்தால் ஃபேன் போடக்கூடாது. காற்று கன்னத்தில் பட்டாலே கரண்ட் அடித்தமாதிரி வலி. பல்வலி என்று நம்பி மூணு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாச்சு. கடைசியில் பார்த்தால் குற்றம் பல்லில் இல்லை, முகத்துக்கு வரும் ட்ரைஜெமினல் நரம்பில். மாத்திரையும் கேட்காதபோது டாக்டர் சொன்ன வழிகளில் ஒன்று, நரம்பை உறையவைப்பது. அதன் கதையைத் தேடிப் போனேன்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் ஆர்னாட், நொறுக்கிய பனிக்கட்டியில் உப்பைக் கலந்து, மைனஸ் 24 டிகிரி வரை குளிராக்கி, தலைவலிக்கும் நரம்புவலிக்கும் வைத்துப் பார்த்தார். அதே காலத்தில்தான் நம்ம மெட்ராஸ் ஐஸ் ஹவுஸில் (1842) பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி குவிந்து கிடந்தது. அது போனதென்னவோ துரைமார் கிளாஸுக்கு!

ஆர்னாட்டின் குளிர் தோலோடு நின்றது. 1967இல் தென்னாப்பிரிக்கக் கண் மருத்துவர் அமாய்ல்ஸ், அழுத்திய வாயு நுனியில் விரிந்து குளிரும் கருவியைக் கண்புரைக்காகச் செய்தார். 1976இல் இங்கிலாந்தில் லாயிடும் கூட்டாளிகளும் அதே முறையில் நரம்பை உறையவைத்து வலியை அடக்கினார்கள்.

உறைந்த நரம்பிழை அழியும்; அதைச் சுற்றிய உறை நிற்கும். உறைக்குள்ளேயே இழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர்ந்துவிடும். அதனால் மரத்துப்போவது நிரந்தரமில்லை, நிவாரணமும்தான். நரம்பை வெட்டி எறிவதைவிட இதுவே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

"திரும்ப வருமாடா?"

"சில மாசம் கழிச்சு வரலாம் பெரியம்மா. திரும்பவும் செஞ்சுக்கலாம்."

"அறுந்த பாவைப் பிணைக்கிறமாதிரிதானே. அந்த மாசமெல்லாம் ஃபேன் போட்டுக்கிட்டு நெய்யலாமில்ல?"