திவிசீமாவில் சர்ச் கட்டிய மாடி

விஜயவாடாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில், ஆபீசில் யாராவது "உப்பெனா வருஷம்" என்று சொன்னால் எனக்குப் புரியாது. புயலைத் தெலுங்கில் துஃபான் என்பார்கள், அது தெரியும். உப்பெனா என்பது புயலோடு சேர்ந்து ஊருக்குள் ஏறிவரும் கடல். 1977 நவம்பர் 19-ம் தேதி, கிருஷ்ணா ஆறு கடலில் கலக்கிற திவிசீமா பகுதியில் அது சுமார் ஐந்து மீட்டர் உயரத்துக்கு எழும்பி, வயல்களுக்குள் பல கிலோமீட்டர் ஓடியது. இறந்தவர்கள் 10,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிட அதிகம் என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். (அதே மாதம் 12-ம் தேதி நாகப்பட்டினத்தில் கரை கடந்த புயல் நம்மூர்ப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நடுவில் ஒரே ஒரு வாரம்.)

உதவிக்கு வராதவர்களே இல்லை. அவனிகட்டாக்காரரான அமைச்சர் மண்டலி வெங்கட கிருஷ்ணா ராவை இன்றும் கும்பிட்டுப் பேசுகிறார்கள். என்.டி.ஆரும் நாகேஸ்வர ராவும் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார்கள். அன்னை தெரசா வந்தார். ராமகிருஷ்ணா மிஷன், ஆர்.எஸ்.எஸ்., சர்ச்சுகள் என்று எல்லாத் தரப்பும் இறங்கியது. இதில் சர்ச்சுகளின் கதையை மட்டும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். அதற்குக் காரணம் நாகாயலங்கா பக்கம் பார்த்த ஒரு கட்டடம். அதற்குப் பிறகு வருகிறேன்.

புராட்டஸ்டண்ட், ஆர்த்தடாக்ஸ் சபைகளின் பொது நிவாரண அமைப்புக்குப் பெயர் காசா. 1947-ல் பிரிவினை அகதிகளுக்காக டெல்லியில் ஆரம்பித்தது. கத்தோலிக்கர்களுக்குத் தனியாக காரித்தாஸ், 1962-லிருந்து. என் தலைமுறைக்கு முந்தியவர்களுக்கு இந்த மாதிரி அமைப்புகள் என்றால் அமெரிக்கப் பால்பவுடரும் கோதுமை ரவையும்தான் ஞாபகம் வரும். "பவுடர் கொடுத்து மதம் மாத்துறாங்க" என்ற பேச்சும் கூடவே வரும்.

திவிசீமாவில் மூட்டை கொடுப்பதோடு வேலை முடியவில்லை. கடல் வடிந்தாலும் உப்பு மண்ணில் தங்கிவிட்டது. குடிதண்ணீர்க் குளங்களில் மாடுகளின் சடலங்கள். அறுவடைக்கு நின்ற நெல் போய்விட்டது, எனவே கூலிக்கு வேலையும் இல்லை. இந்த மாதிரி நிலைமைக்கு காசா கையாண்ட வழி, வேலைக்கு உணவு. குளத்தைத் தூர்வாரு, வாய்க்காலை வெட்டு, கூலியாகத் தானியம் வாங்கிக்கொள். கஞ்சித்தொட்டி முன்னால் வரிசையில் நிற்பதைவிட மரியாதையானது என்று எனக்குப் படுகிறது. ஆனால் மண்வெட்டி பிடிக்க முடியாத கிழவிக்கு இதில் என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம்.

அடுத்தது புயல் காப்பகங்கள். இதற்கான பணத்தில் கணிசமானது வெளிநாட்டுச் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை விழும் காணிக்கை. ஆந்திரக் கடலோரத்தில் அரசு கட்டியதும் உண்டு, காசா கட்டியதும் உண்டு. அமைப்பு ரொம்ப எளிது. கீழே சுவர் கிடையாது, தூண்கள் மட்டும். கடல் அடியில் புகுந்து போய்விடும். மேலே ஒரு கூடம், அதற்கு மேல் தட்டையான மொட்டைமாடி, வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. சாதாரண நாளில் பள்ளிக்கூடம், கல்யாணக் கூடம், ரேஷன் மூட்டை வைக்கும் இடம். பார்க்க அழகில்லாத கட்டடம்தான்.

1990 மே 9-ம் தேதி, ஏறக்குறைய அதே பலத்தோடு அதே கடற்கரைக்குப் புயல் வந்தது. இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. முழுப் பெருமையையும் காப்பகங்களுக்குக் கொடுத்துவிட முடியாது. இடையில் ரேடார் வந்திருந்தது, எச்சரிக்கை முன்கூட்டியே போனது, ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களை அரசு கிளப்பிக் கூட்டிப்போனது. ஆனால் "கிளம்பு" என்று சொன்னால் போவதற்கு ஓர் இடம் வேண்டுமே. 1977-ல் தாழ்வான நிலத்தில் குடிசை போட்டிருந்த மீனவர்களுக்கும், மாலப்பல்லி, மாதிகப்பல்லி கூலிக்காரர்களுக்கும் அது இல்லை.

காப்பகம் உயிரைத்தான் காக்கும், பிழைப்பைக் காக்காது. பீட்டர் வின்செஸ்டர் என்ற ஆய்வாளர் கிருஷ்ணா டெல்டாவைப் பற்றி 1992-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் பேசுகிறார். லாரியும் ரேடியோவும் வைத்திருக்கும் விவசாயியும், ஒற்றை மாட்டுக்காரனும் ஒரே புயலில் மாட்டினாலும், இரண்டு வருஷம் கழித்து ஒரே இடத்தில் நிற்க மாட்டார்கள். மாட்டை மாடியில் ஏற்ற முடியாதே என்று கடைசிவரை கீழேயே நிற்பவனும் இந்த ஒற்றை மாட்டுக்காரன்தான்.

இன்னொரு சிக்கல், கட்டப் பணம் வரும், பராமரிக்க வராது. கடலோரக் காற்றில் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து உப்பி, பூச்சைத் தள்ளிவிடும். நான் பார்த்த கட்டடத்தில் தூண்களில் கம்பி வெளியே தெரிந்தது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976-ல், அதாவது உப்பெனாவுக்கு முந்தின வருஷமே வந்துவிட்டது. 2010-ல் புதுச் சட்டம், 2020-ல் இன்னும் இறுக்கம். 2024 ஏப்ரலில் காசாவின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவையே மத்திய அரசு ரத்து செய்தது. சரியா தவறா என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை. என் கவலை அந்தத் தூண்களைப் பற்றியது. பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள், பார்க்கலாம்.

கூடத்தில் பூட்டு தொங்கியது. புயல் வந்தால் சாவி யாரிடம் இருக்கும் என்று எதிர்ப்புற டீக்கடைப் பெரியவரிடம் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாவி எதுக்கு? மெட்லு வெளியேதானே இருக்கு." (மெட்லு என்றால் படிக்கட்டு.) 90-ல் அவர் அதில்தான் ஏறினாராம், மாடு போய்விட்டதாம்.