தாவரங்களின் பகலும் இரவும்

இரவில் புளியமரத்தடியில் உறங்கலாகாது என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த அறிவுரை. "தாவரங்கள் பகலில் உயிர்வளியை வெளியிடும், இரவில் கரிவளியை வெளியிடும்" என்று மாணவர் மனனம் செய்யும் வாக்கியமும் அதற்குத் துணை நிற்கிறது. அவ்வாக்கியம் பாதி உண்மையே. மறுபாதி தெளிவாவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

1771ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பார், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றினுள் புதினாக் கொழுந்தொன்றை வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் வேறொரு மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தது. கெட்ட காற்றைத் தாவரம் சீராக்குகிறது என்று அவர் முடிவு செய்தார். ஆனால், சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே செய்த சோதனைகளிலோ தாவரம் காற்றைக் கெடுத்தது! பிரீஸ்ட்லிக்கும் பின்னாளில் ஒரே விளைவு திரும்பத் திரும்பக் கிட்டவில்லை. இருவருள் எவர் கூற்று மெய்?

இவ்வினாவிற்கு விடை கண்டவர் யான் இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர். 1779ஆம் ஆண்டுக் கோடையில், இலண்டனுக்கு அருகில் ஒரு வீட்டில் தங்கி, மூன்று திங்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். நீரில் அமிழ்த்திய இலைகள் வெயிலில் குமிழிகளை எழுப்பின; இருளில் அவை நின்றன. காற்றைச் சீராக்குவது பச்சைப் பகுதிகளே. அதற்கு வேண்டுவது வெப்பமன்று, ஒளியே என்று நிறுவினார். இருவர் கூற்றும் மெய்யே. இருவரும் கருதாது விட்டது ஒளி.

1782இல் ஜெனீவாவின் செனெபியே, இலை உயிர்வளியை வெளிவிடுவதற்குக் கரிவளி தேவை என்று காட்டினார். 1804இல் அதே நகரத்துச் சொசூர், எடையிட்டும் அளந்தும், நீருக்கும் இதில் பங்குண்டு என்று மெய்ப்பித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மானியத் தாவரவியலார் யூலியஸ் சாக்ஸ், சுவாசமும் ஒளிச்சேர்க்கையும் வெவ்வேறு செயல்கள் என்று தெளிவுறுத்தினார். தாவரம் இரவு பகல் எந்நேரமும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை விஞ்சி நிற்பதால் சுவாசம் நம் கண்ணுக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவே.

இரவும் எல்லாத் தாவரங்களுக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியில் இருந்த பெஞ்சமின் ஹைன், ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சுவையற்றுப் போவதையும் 1813இல் எழுதினார். இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரிவளியை ஏற்று, அதனை அமிலமாகச் சேமித்து, பகலில் உணவாக்கும் தாவரங்கள் உண்டென்பது பின்னர் விளங்கிற்று. நீரைச் சிக்கனப்படுத்தும் இம்முறையை ஜொகூர் மண்ணில் விளையும் அன்னாசியும் கையாள்கிறது.

அறையில் வைத்த பூந்தொட்டிக்கு அஞ்சுவோர், அதே அறையில் உறங்கும் ஒரு மனிதர் அதனினும் பன்மடங்கு கரிவளியை வெளிவிடுவதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வகுப்பறையிலும் பழைய வாக்கியத்தைத் திருத்திக் கூறுதல் நலம்: "தாவரம் எப்போதும் சுவாசிக்கிறது, ஒளி கிடைக்கும்போது உணவும் ஆக்குகிறது." இத்திருத்தத்தை மனனம் செய்வித்தல் மட்டும் போதாது. நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் பாசிக்கொடி ஒன்றை இட்டு, வெயிலிலும் நிழலிலும் மாற்றி வைத்து, எழும் குமிழிகளை மாணவரே எண்ணட்டும்.