லேப்டாப் தானாக அணைவதற்கும் ஒரு வரலாறு உண்டு

போன மாதம் பி.காம். புராஜெக்ட் டைப் பண்ணிக்கொண்டிருந்தபோது லேப்டாப் பட்டென்று அணைந்தது. ஆறவிட்டால் ஆன் ஆகும், இருபது நிமிடத்தில் மறுபடி அணையும். சேவ் செய்யாத 6 பக்கம் போச்சு. அதைத் திட்டாத திட்டில்லை.

ஆனால் நண்பர்களே, 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையதளம் ஒரு விபரீத சோதனை செய்தது. கணினி ஓடும்போதே, பிராசஸர் மேலிருந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கைக் கழற்றிவிட்டார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியது. பென்டியம் 3 அப்படியே நின்றது, கெடவில்லை. ஏஎம்டியின் அத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு அதற்குள் இல்லை! 2003ல் வந்த அத்லான் 64ல் அதைச் சேர்த்தார்கள். இன்றைய லேப்டாப்களில் சூடு ஏறினால் முதலில் வேகம் குறையும். அதற்கும் அடங்காவிட்டால் விண்டோஸைக்கூடக் கேட்காமல் அணைந்துவிடும். நான் திட்டியது இந்தக் காவல்காரனைத்தான்.

பேட்டரியைத் துண்டித்துவிட்டு அடிமூடியைத் திறந்தேன். விசிறி காற்று விடும் வழி முழுக்கப் பஞ்சு! எங்கள் தேனிப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தைமேல் வைத்துப் படம் பார்த்த பலன். சின்ன பிரஷ்ஷால் தட்டி எடுத்ததும் சரியானது. (சூடே இல்லாமல், சார்ஜரைப் பிடுங்கியதும் அணைந்தால் பேட்டரியைப் பாருங்கள். அது உப்பியிருந்தால் தொடாதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள்.)

அந்த 6 பக்கத்தை மறுபடி டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன், மேஜையில் வைத்து.