சைகைக்குக் கட்டுப்படாத பந்து

அமெரிக்க பேஸ்பாலில் நிறவெறிச் சுவரை முதலில் தாண்டியவர் யார்? ‘ஜாக்கி ராபின்சன், 1947’ என்று க்விஸ் பசங்க டக்கென்று சொல்லிவிடுவார்கள். ஆனால், அதற்கு 63 வருஷம் முன்பே, தன் நிறத்தை மறைக்காமல் ஒரு கறுப்பர் பெரிய லீக்கில் ஆடியிருக்கிறார். பெயர், மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர். ஒஹையோக்காரர், ஓபர்லின் கல்லூரியில் படித்தவர்!

1884-ல் டொலிடோ அணிக்கு அவர் கேட்ச்சர். நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி, பேட்ஸ்மேனுக்குப் பின்னால் நிற்கிற ஆள். இன்றைய மெத்தை கிளவுஸெல்லாம் அப்போது ஏது? பெரும்பாலும் வெறும் கைதான். விரல்கள் என்ன பாடுபட்டிருக்கும்!

எந்த மாதிரி பந்து வேண்டும் என்று கேட்ச்சர் சைகை காட்டுவார். பிட்ச்சர் அதன்படி வீசுவார். டொலிடோவின் நட்சத்திர பிட்ச்சர் டோனி முல்லேனுக்கோ, ‘ஒரு கறுப்பன் எனக்குச் சைகை காட்டுவதா?’ என்று எரிச்சல். வாக்கரின் விரலைப் பார்க்காமலே இஷ்டத்துக்கு வீசினார். வருவது வேகப்பந்தா, வளையும் பந்தா என்று தெரியாமலே வாக்கர் பிடித்துக்கொண்டிருந்தார்! பிற்பாடு முல்லேனே இதை ஒப்புக்கொண்டார். கூடவே, தான் பார்த்த கேட்ச்சர்களில் வாக்கர்தான் பெஸ்ட் என்றும் சொன்னார். மனுஷ மனசை என்னன்னு சொல்ல?

42 மேட்ச்சோடு, காயங்களால் பெரிய லீக் வாழ்க்கை முடிந்தது.

முல்லேனாவது சொந்த அணிக்காரர். உண்மையான வில்லன், சிகாகோ கேப்டன் கேப் ஆன்சன். 1883-லேயே ‘வாக்கர் இறங்கினால் நாங்கள் ஆட மாட்டோம்’ என்று முறுக்கினார். அன்று கைக்காயத்தால் வாக்கர் ஆடுவதாகவே இல்லை. கடுப்பான டொலிடோ மேனேஜர் சார்லி மார்ட்டன், வேண்டுமென்றே அவரை இறக்கினார். ஆடாவிட்டால் டிக்கெட் வசூலில் பங்கு கிடையாது என்றதும் ஆன்சன் வாலைச் சுருட்டிக்கொண்டு ஆடினார். காசு பேசியது!

1887 ஜூலை 14-ல் கதை வேறு. நியூவார்க் அணியில் வாக்கர், ஜார்ஜ் ஸ்டோவி என இரண்டு கறுப்பர்கள். இந்தத் தடவை ஆன்சன் நினைத்ததே நடந்தது; இருவரும் ஆடவில்லை. அதே நாளில் இன்டர்நேஷனல் லீக் நிர்வாகிகள், ‘இனி கறுப்பர்களோடு புது ஒப்பந்தம் வேண்டாம்’ என்று முடிவெடுத்தார்கள். 1889-ல் வாக்கர் வெளியேறிய பிறகு அந்த லீக்கில் அடுத்த கறுப்பரைப் பார்க்க 1946 வரை ஆனது. அவர்தான் ராபின்சன்!

வாக்கர் பிற்பாடு தியேட்டர் நடத்தினார். 1908-ல் ஒரு புத்தகம் எழுதினார். கறுப்பர்கள் ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போய்விட வேண்டும் என்பது அதன் வாதம். அமெரிக்காவை அவ்வளவு வெறுத்துப்போயிருந்தார். 1924-ல் இறந்தார்.

ஆன்சனுக்கு 1939-ல் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ மரியாதை கிடைத்தது. வாக்கரின் கல்லறைக்குப் பெயர் பொறித்த ஒரு கல் நட்டது, 1990-ல்.